பிள்ளைக்கு முதல் தூண்டில்: மூங்கிலா, மடக்குக் கம்பா, ரீலா?

ஐப்பசி மழையில் குளம் பெருகியதும் நம்ம நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேட்டை ஆசை வந்துவிடும். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை வீட்டில் இரண்டில் ஒன்றைக் கேட்கும்: ஏர்கன் அல்லது தூண்டில். குறைந்த செலவில் எதை வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசிக்கும் அப்பா அம்மாவுக்காக இதை எழுதுகிறேன்.

ஏர்கன் பேச்சை முதலிலேயே முடித்துவிடலாம். 4.5 மி.மீ. குண்டு போடும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர்கன்னுக்கு உரிமம் கேட்பதில்லை. அதனால் அதை வைத்துக் கௌதாரியும் காடையும் அடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அடிக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எந்தத் துப்பாக்கி என்று பார்ப்பதில்லை, செத்தது எது என்றுதான் பார்க்கும். மயிலை அடித்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை. நம்ம காடுகரையில் மயில் இல்லாத இடம் எது? அட்டையில் குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் பிள்ளைக்கு ஆர்வம் என்றால் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்த்து, அங்கே உள்ள துப்பாக்கியிலேயே பழக விடுங்கள். வேட்டைக்கு என்றால் தூண்டில்தான்.

தூண்டிலில் மூன்று வகை. மூங்கில் கம்பு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மடக்குக் கம்பு, நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் பொருத்திய ராடு. எதில் மீன் அதிகம் விழும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பிள்ளை விஷயத்தில் நான் முதலில் கேட்பது வேறு: இந்தக் கம்பைக் கையில் கொடுத்தால் பிள்ளை எங்கே போய் நிற்கும்? கம்பு குட்டையாக இருந்தால் தண்ணீர் எட்டவில்லை என்று ஒரு படி கீழே இறங்கும். கையில் ரீல் இருந்தால் வாய்க்கால் போதாது, அணைக்கட்டுக்கு இழுக்கும். கம்பு அளவாக இருந்தால் கரையில் நிற்கும்.

மூங்கில் கம்பு மலிவு. ஏணியும் கூடையும் விற்கிற மூங்கில் கடையில் மெல்லிய கம்பாகக் கேட்டு வாங்கினால் நரம்பு, முள் (மீன் மாட்டும் கொக்கி), ஈயம் எல்லாம் சேர்த்தும் இருநூறு ரூபாய் தாண்டுவது அபூர்வம். ஏழெட்டு அடி போதும். நுனியைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்ப வேண்டும், கணுவில் கீறல் இருக்கக் கூடாது. பச்சைக் கம்பு வேண்டாம். கனமும் அதிகம், மாவுச்சத்தைத் தேடி வரும் வண்டு சீக்கிரமே துளை போட்டுப் பொடியாக்கிவிடும். நிழலில் நன்றாகக் காய்ந்த கம்பாகப் பார்த்து, ஒருமுறை வேப்பெண்ணெய் தடவி வைத்தால் இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கும். தாமிரபரணியின் பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் போன்றவற்றிலிருந்து பிரியும் சின்ன வாய்க்கால்களுக்கு இந்தக் கம்பே தாராளம். உடைந்தால் பிள்ளையும் அழாது, நமக்கும் வலிக்காது. குறை என்றால் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு போவதும் ஆபத்து. வாய்க்கால் நடக்கிற தூரத்தில் இருக்கிற வீட்டுக்குத்தான் இது பொருந்தும்.

மடக்குக் கம்புக்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான். கண்ணாடி இழையில் செய்தது, ரீல் கிடையாது, மடக்கினால் பள்ளிக்கூடப் பையில் அடங்கும். சில நூறு ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு 3 மீட்டர் சரியான நீளம். நாலரை மீட்டரும் ஏறக்குறைய அதே விலைதான் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், வாங்காதீர்கள். நீளம் கூடக் கூட நுனி கனத்து மணிக்கட்டை இழுக்கும், கொஞ்ச நேரத்தில் பிள்ளை கம்பைக் கீழே போட்டுவிடும். கடையிலேயே முழுசாக நீட்டி, பிள்ளையை ஒரு கையால் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். நுனி தாழ்ந்துகொண்டே வந்தால் அது பெரிய கம்பு.

இதில் நரம்பைக் கட்டுகிற விதம்தான் முக்கியம். நுனியில் சிவப்பாக ஒரு சின்னக் கயிறு இருக்கும், தங்கூசி (நைலான்) நரம்பை அதில்தான் முடிய வேண்டும். நரம்பு கம்பை விட ஒரு சாண் குறைவாக இருக்கட்டும். அப்போதுதான் கம்பைத் தூக்கினால் மீன் ஊஞ்சலாடி நேராகப் பிள்ளையின் கைக்கு வரும். நரம்பு நீண்டுவிட்டால் மீன் தலைக்கு மேல் போய்ப் பின்னால் இருக்கும் கருவேலத்தில் மாட்டிக்கொள்ளும். தக்கைக்குக் காசு கொடுக்க வேண்டாம், பழைய ரப்பர் செருப்பில் விரல் நுனி அளவு வெட்டினால் ஆயிற்று. அது தண்ணீரில் இரண்டு துள்ளு துள்ளி, அப்புறம் பக்கவாட்டில் ஓடி முங்கும் பாருங்கள், "ஏல, முங்கிட்டு!" என்று கத்தாத பிள்ளை இல்லை.

நீட்டும்போது நுனித் துண்டிலிருந்தும், மடக்கும்போது அடித் துண்டிலிருந்தும் தொடங்க வேண்டும். மாற்றிச் செய்தால் மெல்லிய துண்டுதான் முதலில் ஒடியும். ஆற்று மணலில் கம்பைப் போட்டு வைத்தால் பொருத்துகளில் மணல் ஏறிச் சிக்கிக்கொள்ளும், ஈரத்துணியால் துடைத்து மடக்குங்கள். கார்பன் கம்பு இன்னும் லேசு என்பது உண்மைதான், ஆனால் பிள்ளைக்குக் கார்பன் வேண்டவே வேண்டாம். கார்பனில் மின்சாரம் பாயும். பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பிகள் வாய்க்கால் கரையில் எவ்வளவு தாழத் தொங்குகின்றன என்று நமக்கே தெரியும். நனைந்த மூங்கிலும் கண்ணாடி இழையும்கூட நம்பத்தக்கவை அல்ல. தலைக்கு மேல் மின்கம்பி ஓடும் இடத்தில் எந்தக் கம்பையும் நீட்டக் கூடாது என்பதை வாங்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

ரீல் ராடு பார்க்க அழகு, பிள்ளை கேட்பதும் அதைத்தான். ஆயிரத்துக்கும் குறைவாக ராடு, ரீல், நரம்பு, பிளாஸ்டிக் மீன் எல்லாம் சேர்ந்த செட்டாக விற்கிறார்கள். அந்த விலைச் செட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வீசும்போது நரம்பை ஆள்காட்டி விரலில் பிடித்து, ரீலில் உள்ள கம்பி வளையத்தைத் திறந்து, சரியான கணத்தில் விரலை விட வேண்டும். சின்ன விரலுக்கு அது உடனே வராது. செட்டோடு வரும் நரம்பு சுருள் சுருளாக எழும்பி, குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். மாலை முழுக்க அப்பா சிக்கெடுப்பார், பிள்ளை வேடிக்கை பார்க்கும். வீசும் கணத்தில் முள் யார் பக்கம் வருகிறது என்று பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும். தூத்துக்குடியில் வாங்கினால் விலை குறையலாம், ஆனால் கடலுக்கான கனத்த ராடைப் பிள்ளை தலையில் கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, நம்ம வாய்க்காலிலும் குளத்திலும் பிள்ளைக்கு விழப்போவது கெண்டை, சிலேபி (திலாப்பியா), கெளுத்தி. 1952-ல் இந்தியாவுக்கு வந்த சிலேபி இன்று இல்லாத குளம் இல்லை. இவையெல்லாம் கரையோரமே மேயும், மண்புழுவும் பிசைந்த மைதாவும் எடுக்கும். பரோட்டாத் துண்டுக்கும் சிலேபி வரும். இதற்கு முப்பது மீட்டர் வீச வேண்டிய தேவையே இல்லை.

ரீலில் மிச்சமாகும் காசில் முள்ளை நல்லதாக வாங்குங்கள். முள்ளுக்கு நம்பர் கூடினால் அளவு சிறுக்கும். கெண்டைக்கு 12, சிலேபிக்கு 8 அல்லது 10 போதும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்ப்பல்லை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு மீன் தப்பும், ஆனால் பிள்ளை விரலில் ஏறினால் சுலபமாக எடுத்துவிடலாம். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, செவுளுக்குப் பக்கத்தில் இரண்டு என மூன்று முள் உண்டு. கெளுத்தியைத் தூண்டிலிலிருந்து பெரியவர்தான் கழற்ற வேண்டும்.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. பல குளங்களில் மீன் ஏலம் போயிருக்கும், குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு உட்காருவதே மரியாதை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்திலும் களக்காடு-முண்டந்துறைக் காட்டுக்குள்ளும் தூண்டிலைத் தொடவே கூடாது. பாபநாசம் படித்துறை மீன்களுக்குப் பொரி போடுவதோடு சரி. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணியில் பழைய ஆழத்தை நம்பிப் பிள்ளையை இறக்க வேண்டாம். சுத்தமல்லி, மருதூர் போன்ற அணைக்கட்டுகளின் கீழ்ப்பக்கம் நீர் சுழலும், மீன் எவ்வளவு கிடைத்தாலும் அங்கே பிள்ளைக்கு வேலை இல்லை.

ரீல் எப்போது? பிள்ளை தானே முள் கட்டி, இரை கோத்து, மீனைக் கழற்றத் தெரிந்த பிறகு, விரால் பிடிக்கணும் என்று கேட்கத் தொடங்கும். பெரும்பாலும் பதிமூன்று, பதினான்கு வயதில். அப்போது செட்டாக வாங்காமல், ஆறு அடி ராடு தனியாக, 2000 என்று அளவு எண் போட்ட ரீல் தனியாக, நல்ல நரம்பு தனியாக வாங்குங்கள். இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகும்.