ஆயுர்வேதமா, சித்தமா: எங்கள் அடுப்படி சொன்னது

எங்கள் காரைக்குடி வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் நான்கு நிலைப்படி தாண்டவேண்டும். 58 வயதில் அந்த நான்கும் நாற்பதாகிவிட்டன. எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, மூட்டுத் தேய்மானம், அறுவைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றார். அந்த இடைக்காலத்தில்தான் முதலில் ஆயுர்வேதம், பிறகு சித்தம் என்று இரண்டையும் பார்த்தேன். இப்போது சித்தத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொள்கையில் பெரிய சண்டை கிடையாது. இரண்டிலும் வாதம், பித்தம், கபம்தான். அங்கே அஸ்வகந்தா, இங்கே அமுக்கரா; கிழங்கு ஒன்றே. பட்டப்படிப்பும் இரண்டுக்கும் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு.

கேரள முறையில் நடத்தும் ஓர் ஆயுர்வேத நிலையத்தில் 14 நாள் தங்கினேன். உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து முழங்காலைச் சுற்றி வரப்புக் கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான தைலத்தை ஊற்றி நிறுத்துவார்கள். ஜானுவஸ்தி என்று பெயர். ஆறிய தைலத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி சூடாக ஊற்றுவார்கள். கும்மாயம் என்ற இனிப்பைக் கிளற வேண்டிய உளுந்து காலில் உட்கார்ந்திருக்கிறதே என்று சிரிப்பு வரும். ஆனாலும் சுகமோ சுகம். வீட்டுக்கு வந்த அன்று சுவரைப் பிடிக்காமல் படி இறங்கினேன்.

வினை அடுப்படியில் இருந்தது. 15 மில்லி கஷாயத்துக்கு 45 மில்லி வெந்நீர், இரு வேளையும் வெறும் வயிற்றில்: அதுகூடப் பழகிவிட்டது. நிலையத்தில் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டேன். இங்கேயோ மூக்குக்கு நேரே வெண்டைக்காய் மண்டி, அதாவது அரிசி களைந்த நீரில் வைக்கும் புளிக்குழம்பு, கொதிக்கிறது. அவர்கள் கொடுத்த அச்சடித்த தாளில் புளிப்பு, காரம், தயிர், வறுவல் எல்லாவற்றுக்கும் தடை. செட்டிநாட்டில் அவற்றை நீக்கினால் மிஞ்சுவது சோறும் வெந்நீரும். மூன்றாம் வாரம் உப்புக்கண்டம் வறுத்த வாசனையில் தோற்றுப்போனேன். மாதம் முடிவதற்குள் வலி திரும்பியது. மருந்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை, நாக்கைத்தான் சொல்லவேண்டும்.

பிறகு அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவு. மருந்து இலவசம். வைத்தியர் பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்தவர். காலைத் தொடும் முன்பே, "ஆச்சி, நேற்று மத்தியானம் என்ன குழம்பு?" என்று கேட்டார். சித்தத்தின் பத்தியம் ஏட்டில் இன்னும் கடுமையானது. இச்சாபத்தியம் என்ற வகையில் கடுகு, நல்லெண்ணெய், தேங்காய், பூண்டு, பெருங்காயம், பாகல், அகத்தி வரை விலக்கு. அவர் அதை அப்படியே என் தலையில் கட்டவில்லை. கருவாடு, கத்தரிக்காய், உப்புக்கண்டம் மூன்றும் கூடவே கூடாது. மண்டி வாரத்தில் ஒரு நாள், புளி பாதி. வற்றல் மிளகாய்க்குப் பதில் மிளகு. உப்பை இரும்புச் சட்டியில் வறுத்துப் போடவேண்டும். வெள்ளைப் பணியாரத்துக்குப் பதில் முடக்கத்தான் தோசை. முடக்கை அறுப்பது என்று பேரிலேயே இருக்கிறதே! சமையல்கார அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். பாலில் அமுக்கரா சூரணம், இரவில் உளுந்து தைலம். (தைலம் ஆத்தங்குடிக் கல்லில் சொட்டினால் வழுக்கும், பழந்துணி விரித்துக்கொள்ளுங்கள்.) ஒரு மண்டலம், 48 நாள், ஒரு நாளும் தவறவில்லை. தங்கும் செலவில்லாமல், என் அடுப்படியிலேயே.

நான் சித்தத்தில் நிற்பதற்கு இது ஒன்றுதான் காரணம். அந்த ஆயுர்வேத வைத்தியரும் குழம்பைப் பற்றி விசாரித்திருந்தால் கதை மாறியிருக்கலாம்.

பற்பம், செந்தூரம் என்ற மருந்துப் பொடிகளைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது. உலோகமும் பாதரசமும் சேர்ந்த மருந்துகள் சித்தத்தில் நிறையப் புழங்குகின்றன, எனக்கு எழுதப்படவில்லை. எழுதினால் சிறுநீரகப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பேன். பெயர் ஒட்டாத பொட்டலத்தை எங்கேயும் வாங்கமாட்டேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டிலும் விழிப்பாக இருக்கவேண்டும்: லேகியத்தில் இனிப்பு உண்டு, அரிஷ்டம் நொதிப்பதே வெல்லத்தில், அமுக்கரா சூரணத்திலும் சர்க்கரை சேரும்.

தேய்ந்த மூட்டு வளர்ந்திருக்காது. வலது கால் நான்கு படியும் ஏறிவிடுகிறது. இடது காலுக்கு இன்னும் சுவர் வேண்டும். சென்னையில் தனியாக இருந்துகொண்டு ஓட்டல் சாப்பாட்டில் காலம் தள்ளும் என் தங்கைக்கும் இதே வலி. அவளை அந்த ஆயுர்வேத நிலையத்துக்குத்தான் அனுப்பினேன். 14 நாளாவது யாராவது சமைத்துப் போடட்டும்.