ஒரே பையா, சபை சபையாகவா?

மிஷனெரியை அனுப்பக் காணிக்கை கேட்டால் மனமுவந்து தருவார்கள். அலுவலக மின்கட்டணத்துக்குக் கேட்டால்? அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளிடம் இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

தெற்கு பாப்டிஸ்டுகள் 1925-ல் ஏற்படுத்திய கூட்டுறவுத் திட்டத்தில், சபை தன் காணிக்கையில் ஒரு பங்கைத் தன் மாநிலத்து பாப்டிஸ்ட் அமைப்புக்கு அனுப்புகிறது. அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தேசிய அமைப்புக்குத் தள்ளிவிடும். அங்கே சேர்வதில் பாதிக்குச் சற்று மேல், வெளிநாடுகளுக்கு மிஷனெரிகளை அனுப்பும், ரிச்மண்டில் இருக்கும் சர்வதேச மிஷன் வாரியத்துக்கு. இதில் ஒரு சாமர்த்தியம்: 1888-ல் தொடங்கி, பின்னர் சீனாவில் ஊழியம் செய்த மிஷனெரி லாட்டி மூன் பெயரைப் பெற்ற கிறிஸ்துமஸ் காணிக்கை முழுவதும் வெளிநாட்டு ஊழியத்துக்கே போகிறது. தலைமையகச் செலவைக் கூட்டுறவுத் திட்டப் பணம் தாங்கிக்கொள்வதால்தான் அப்படிச் சொல்ல முடிகிறது.

எந்தத் தேசிய அமைப்பிலும் சேராத சுயாதீன பாப்டிஸ்டுகளுக்கு இந்தப் பொதுப் பையே ஆகாது. மிஷனெரி மனைவி மக்களோடு காரில் சபை சபையாகப் போவார். வாசல் மேஜையில் குடும்பப் படம் போட்ட ஜெப அட்டைகள். ஒன்றை எடுத்துப்போய் ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்வார்கள். சபை மாதம் இவ்வளவு என்று வாக்குக் கொடுக்கும். தேவையான தொகை சேர ஓரிரு வருடம்கூட ஆகும். சரி, மிஷனெரியை அனுப்பி அவர் பணத்தைக் கையாளும் ஏஜென்சியின் செலவு? சில ஏஜென்சிகள் அந்தப் பணத்தில் ஒரு விழுக்காடு பிடிக்கின்றன. சில, முழுவதையும் மிஷனெரிக்கே கொடுத்துவிட்டு, அலுவலகத்துக்கென்று சபைகளிடம் தனியாகக் கேட்கின்றன.

முகம் தெரிந்து கொடுப்பது இரண்டாவதில்தான். ஆனால் கணக்கருக்கு ஜெப அட்டை கிடையாதே! அலுவலகச் செலவை மட்டும் பார்த்தால் என் ஓட்டு முதல் வழிக்கே.