பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சி.என்.சி. ரவுட்டர்: சில வருடங்கள் ஓட்டிய அனுபவம்

கழித்துப்போட்ட ஜெராக்ஸ் மெஷின்களின் பாகங்களையும் பழைய அலுமினியத்தையும் வைத்துக் கட்டிய ஒரு சி.என்.சி. ரவுட்டரை, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் மெஷினை, கோவையில் எங்கள் வீட்டு மாடி அறையில் சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். பெட் அளவு 600க்கு 900 மி.மீ. பெயர்ப்பலகை, பூஜை அறைக் கதவுக்கான ஜாலி, ஆசாரி நண்பர்கள் கேட்கும் டெம்ப்ளேட், இவைதான் இதன் வேலை. எப்படிக் கட்டுவது என்று சொல்லித்தர வீடியோக்கள் நிறையவே இருக்கின்றன. கட்டி முடித்து முதல் பூவைச் செதுக்கியதும் அவை முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பழைய பாகம் தாக்குப்பிடிக்கிறது, எது கைவிடுகிறது என்பதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார், பவர் சப்ளை, அலுமினியம் மூன்றையும் தைரியமாகப் பழையதாக வாங்கலாம். அச்சை (நகரும் திசையை இப்படிச் சொல்வார்கள்) நகர்த்தும் ஸ்க்ரூ, அதில் ஓடும் நட், நீளமான அச்சுக்கான ரெயில் மூன்றையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பும் டிரைவர் போர்டும் அப்படித்தான். என் மெஷினில் இன்று வரை மாற்றாமல் ஓடுவதும், மாற்ற வேண்டி வந்ததும் ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் பிரிகின்றன.

மோட்டாரிலிருந்து தொடங்குகிறேன். உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் ஜெராக்ஸ் மெஷின் முழுசாகவே எடை போட்டுக் கிடைக்கும். பெரிய மெஷினாக இருந்தால் உள்ளே பல ஸ்டெப்பர் மோட்டார்கள் (படிப்படியாக அளந்து திரும்பும் மோட்டார்கள்) இருக்கும். முகம் 57 மி.மீ. சதுரமாக இருந்தால் அது நேமா 23, 42 மி.மீ. என்றால் நேமா 17. ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி, அதாவது சுற்றுக்கு 200 ஸ்டெப் என்று லேபிளில் இருக்கும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒயர்களை ஜோடி பிரித்துவிடலாம். மீட்டரும் கையில் இல்லையென்றால் இரண்டு ஒயர்களை முறுக்கிவிட்டு ஷாஃப்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பைவிடக் கடினமாகத் திரும்பினால் அவை இரண்டும் ஒரே காயிலைச் சேர்ந்தவை.

கடைக்காரரிடம் நின்றபடியே பார்க்க வேண்டிய இன்னொன்று காயிலின் ஓம் அளவு. ஒன்றிலிருந்து நான்கு ஓம் வரை இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். முப்பது, நாற்பது ஓம் காட்டும் மோட்டார் மெதுவாகத் திரும்பும்போது பலமாகத்தான் இருக்கும். வேகம் கூட்டினால் காயிலுக்குள் கரண்ட் ஏறுவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடும், பலம் போய்விடும். ஆறு ஒயர் மோட்டாரைக் கண்டும் ஒதுங்க வேண்டாம். நடு ஒயரைத் தனியே டேப் சுற்றி விட்டுவிட்டால் அது நான்கு ஒயர் மோட்டாராகவே ஓடும். நடு ஒயரையும் ஒரு முனையையும் எடுத்தால் பாதிக் காயில்தான் வேலை செய்யும். தாங்கும் பலம் குறையும், ஆனால் வேகத்தில் நன்றாக நிற்கும். என் ஒய் அச்சு மோட்டார்கள் இரண்டும் பாதிக் காயிலில்தான் ஓடுகின்றன. தொட்டால் கை சுடுகிற அளவு சூடாவது ஸ்டெப்பருக்கு இயல்பு. பேரிங் தவிர உள்ளே தேய்வதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் பழைய ஸ்டெப்பரை இவ்வளவு நம்புகிறேன்.

ஜெராக்ஸ் மெஷினின் 24 வோல்ட் சப்ளையையே பயன்படுத்தினேன். கழற்றும்போது கவனம் தேவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிப்போடும் வோல்டேஜ் தங்கியிருக்கும். சிறிது நேரம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். சில சப்ளைகள் மெயின் போர்டிலிருந்து சிக்னல் வந்தால்தான் உயிர்பெறும், அதற்கான ஒயரைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். கம்ப்யூட்டர் சப்ளையின் 12 வோல்ட்டில் இந்த மோட்டார்கள் ஓடும், ஆனால் வேகம் வராது. காயிலுக்குள் கரண்டை விரைவாகத் தள்ளுவது வோல்டேஜ்தான். பிறகு 36 வோல்ட்டும் டிஎம்542 டிரைவரும் போட்டபோது, அதே பழைய மோட்டார்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஸ்டெப் தவறாமல் ஓடின. மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றினால் டிரைவர் போய்விடும். அதனால் பிளக் எல்லாமே ஸ்க்ரூ போட்டு இறுக்கும் வகையாக இருப்பது நல்லது.

அடுத்து ராடு. ஸ்கேனரிலும் ஜெராக்ஸிலும் வரும் கிரைண்ட் செய்த ராடுகள் கண்ணாடிபோல் பளபளக்கும், தொட்டுப் பார்த்தாலே ஆசை வரும். ஆனால் அவை கண்ணாடிக்குக் கீழே ஒரு லேசான விளக்கைத் தூக்கிக்கொண்டு நகரச் செய்யப்பட்டவை. இரண்டு முனையில் மட்டும் பிடித்த ராடின் நீளம் இரட்டிப்பானால் நடுவில் தொய்வு எட்டு மடங்காகும். விட்டம் இரட்டிப்பானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். 900 மி.மீ. நீளத்தில் 10 மி.மீ. ராடு எவ்வளவு வளையும் என்பதற்குக் கணக்கே போட வேண்டாம், விரலால் அழுத்தினால் தெரியும். எக்ஸ், ஒய் அச்சுகளில் அடிவரை தாங்கல் உள்ள எஸ்பிஆர்16 ரெயில் போட்ட பிறகுதான் ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றாக வந்தது. பழைய ராடுகள் வீணாகவில்லை. மேலும் கீழும் நகரும் இசட் அச்சில் நீளம் 150 மி.மீ.தான், அங்கே அவை இன்னும் உறுதியாக நிற்கின்றன.

இந்த மெஷினில் நான் அதிகம் மெனக்கெட்ட இடம் ஸ்க்ரூவும் நட்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்8 முழு த்ரெட் ராடு சுற்றுக்கு 1.25 மி.மீ.தான் நகர்த்தும். வேகம் வராது, நீளமாக இருந்தால் சாட்டைபோல் அலையும். அதைவிடப் பெரிய தொல்லை ஆட்டம், அதாவது பேக்லாஷ். மோட்டார் திசை மாறும்போது நட்டுக்கும் த்ரெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கடக்கும் வரை அச்சு நகராது. நேர்கோட்டு வேலையில் இது அவ்வளவாகத் தெரியாது. தமிழ் எழுத்துச் செதுக்கும்போது முகத்தில் அறைந்ததுபோல் தெரியும். நம் எழுத்து முழுக்கச் சுழி. ண, ஞ, ஐ போன்றவற்றில் ஒவ்வொரு சுழிக்கும் எக்ஸ், ஒய் இரண்டும் மாறி மாறித் திசை திரும்ப வேண்டும். கால் மி.மீ. ஆட்டம் இருந்தாலே சுழியின் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தட்டையாகிவிடும், சிறிய எழுத்தில் உள்சுழி அடைந்தே போய்விடும். ஆங்கில எழுத்துப் பலகையில் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிய மெஷின், 'கண்ணன் இல்லம்' என்று செதுக்கும்போதுதான் உண்மையைச் சொல்லும். புதிதாகக் கட்டுகிறவர்கள் சோதனைக்கு வட்டமும் சதுரமும் வெட்டுவதோடு, 20 மி.மீ. உயரத்தில் ஒரு 'ண' வெட்டிப் பாருங்கள்.

மெஷினை நகர்த்தும் மென்பொருளான ஜிஆர்பிஎல் ஃபர்ம்வேரில் இந்த ஆட்டத்தைக் கணக்கிட்டு ஈடுசெய்யும் வசதி கிடையாது. லினக்ஸ்சிஎன்சி என்ற இன்னொரு மென்பொருளில் உண்டு. ஆனாலும் கணக்கில் சரிசெய்வதைவிட நட்டில் சரிசெய்வதே நிற்கும் என்பது என் அனுபவம். எக்ஸ், ஒய் இரண்டுக்கும் சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் டிஆர்8 ஸ்க்ரூ போட்டேன். ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் டெல்ரின் (ஒரு வகை உறுதியான பிளாஸ்டிக்) துண்டைக் கடைந்து இரண்டு நட் செய்து, நடுவே ஸ்ப்ரிங் வைத்தேன். இசட்டுக்கு மட்டும் சுற்றுக்கு 2 மி.மீ. நகரும் வகை. 8 மி.மீ. வகை மின்சாரம் போனால் வெட்டும் மோட்டாரின் எடையால் தானாகக் கீழே இறங்கிவிடக்கூடும், 2 மி.மீ. வகை நின்ற இடத்தில் நிற்கும்.

ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப்பில், எக்ஸ், ஒய் அச்சுகளில் மி.மீ.க்கு 200 ஸ்டெப் வருகிறது. காகிதத்தில் பார்த்தால் 0.005 மி.மீ. துல்லியம். நிஜத்தில், தேக்கில் கருவி பதிந்து ஓடும்போது எனக்கு நம்பிக்கையாகக் கிடைப்பது 0.1 மி.மீ. மரவேலைக்கு அது தாராளம்.

கட்டுப்பாட்டுக்கு ஆர்டுயினோ உனோ என்ற சின்ன போர்டில் ஜிஆர்பிஎல். 2009-ல் வெளிவந்த இந்த இலவச ஃபர்ம்வேர் விநாடிக்கு ஏறக்குறைய 30,000 ஸ்டெப் வரை தரும், இந்த அளவு மெஷினுக்கு அது போதும். பழைய பேரலல் போர்ட் கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால் லினக்ஸ்சிஎன்சி போடலாம், அதுவும் நல்ல வழிதான். தமிழ் எழுத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு. செதுக்கல் மென்பொருள்கள் பலவற்றில் நேரடியாகத் தமிழ் தட்டினால் 'கொ' உடைந்து கொம்பு இடம் மாறி நிற்கும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, எழுத்தைக் கோட்டுப் பாதையாக மாற்றி, அந்தக் கோட்டைக் கொண்டுபோனால் எந்த எழுத்தும் பிசகாது.

நம் ஊரில் மின்வெட்டைத் தவிர்த்துத் திட்டம் போட முடியாது. மூன்று மணி நேர வேலையில் இரண்டாவது மணியில் கரண்ட் போனால் பலகையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, அச்சின் முனையைக் காட்டும் லிமிட் ஸ்விட்ச் மட்டும் இருக்க வேண்டும். வேலையின் தொடக்கப் புள்ளியை ஜி54 என்ற அமைப்பில் பதிந்து வைத்தால், அது ஆர்டுயினோவின் நினைவில் மின்சாரம் போன பிறகும் இருக்கும். கரண்ட் வந்ததும் ஹோமிங் செய்து, அதாவது அச்சுகளை ஸ்விட்ச் தொடும் இடத்துக்குக் கொண்டுபோய், விட்ட வரிக்குச் சற்று முன்னாலிருந்து ஓட்டினால் கோடு பிசிறில்லாமல் சேரும். ஸ்விட்சுகளை எப்போதும் மூடிய நிலை வகையில் இணையுங்கள். ஒயர் அறுந்தால் உடனே தெரிந்துவிடும். வெட்டும் மோட்டாரை ஆன் செய்யும்போது லிமிட் தொட்டதாகப் பொய் அலாரம் வந்தால், ஷீல்டு ஒயரும் ஒவ்வொரு பின்னுக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் அதைத் தீர்க்கும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும்.

ஸ்பிண்டிலுக்கு, அதாவது பிட்டைச் சுழற்றும் வேலைக்கு, பழைய டிரெட்மில் மோட்டார் போடலாம் என்பார்கள். பலம் இருக்கிறது, ஆனால் கனம் அதிகம், வேகம் குறைவு, பிட்டைப் பிடிக்கும் நல்ல காலெட் பொருத்துவது பெரிய வேலை. வேகம் மாற்றக்கூடிய, 700 வாட் அளவிலான மர டிரிம்மர் புதிதாக வாங்குவதே மேல். அதன் கார்பன் பிரஷ் தேயும், மாற்றுவது சுலபம்.

வெட்டும் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷின் லேசானது என்று பயந்து மிக மெதுவாக ஓட்டினால் பிட் வெட்டாமல் உரசும், மரம் கருகும், முனை மழுங்கும். சுற்று வேகத்தை நிமிடத்துக்கு 12,000-க்கு இறக்கி, ஒற்றை வெட்டு பிட் போட்டு, பல்லுக்கு 0.05 மி.மீ. என்று வைத்தால் நிமிடத்துக்கு 600 மி.மீ. வருகிறது. ஆழத்தை 1 மி.மீ. அளவில் வைத்து இதே வேகத்தில் ஓட்டினால் தேக்கு அழகாக உரியும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் எந்த பிட்டும் அதில் சீக்கிரம் முனை இழக்கும். தேக்கு வேலைக்கு விலை சொல்லும்போது பிட் செலவையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மெல்லிய பலகையைப் பிடிக்க மாஸ்கிங் டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டி நடுவே ஃபெவிக்விக் விடும் முறை, கிளாம்பைவிட எனக்கு நன்றாக உதவுகிறது.

தொடக்கத்தில் கேன்ட்ரியின் (பெட்டுக்கு மேலே குறுக்கே நிற்கும் பாலத்தின்) பக்கப் பலகைகள் 18 மி.மீ. எம்டிஎஃப். வெட்டச் சுலபம், விலை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி ஊதிக்கொண்டது, ரெயில் இரண்டும் இணை விட்டு விலகின. அந்த எம்டிஎஃப் மெஷினிலேயே 12 மி.மீ. அலுமினியத் தகட்டை மெல்ல மெல்ல வெட்டி, அதையே புதிய பக்கப் பலகைகளாக மாட்டினேன். தனக்கான உறுதியான உடலைத் தானே வெட்டிக்கொடுக்கும் இந்தக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. எம்டிஎஃப்-இல் தொடங்க நினைப்பவர்களைத் தடுக்க மாட்டேன், மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

தூசி விஷயத்தில் சமரசமே வேண்டாம். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எம்டிஎஃப் தூளில் பிசினும் சேர்ந்திருக்கிறது. வாக்குவம் கிளீனருக்கு முன்னால் ஒரு பெயின்ட் டப்பாவில் சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு) பொருத்தினால் தொண்ணூறு சதத்துக்கும் மேல் டப்பாவிலேயே விழுந்துவிடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்கு மேல் மூக்குக்கு நல்ல மாஸ்க், காதுக்கு அடைப்பான். ஸ்க்ரூவுக்கு கிரீஸ் தடவாதீர்கள், தூசி ஒட்டிக் களிம்பாகி நட்டைத் தின்னும். துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் மெல்லியதாகத் தடவினால் போதும்.

செலவைக் கணக்குப் பார்த்தால், பழைய பாகங்களால் மிச்சமானது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ரெடிமேடாக வரும் சின்ன மெஷின்களின் விலை இன்று நன்றாகவே இறங்கியிருக்கிறது. பணத்தை மிச்சம் பிடிப்பது மட்டுமே நோக்கம் என்றால் அவற்றில் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. அடுத்த வாரமே வேலை தொடங்க வேண்டியவர்களுக்கும் அதுதான். ஆனால் இந்த மெஷினில் ஏதாவது நின்றுபோனால் எந்தக் கம்பெனியின் பதிலுக்கும் நான் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நட்டும் எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். அதற்காக இன்னொரு முறையும் இப்படியே கட்டுவேன்.

இப்போது டெல்ரின் நட்டுகளில் ஒன்று தேய ஆரம்பித்திருக்கிறது. 'ண'வின் உள்சுழியில் லேசாகத் தட்டை தெரிகிறது. பட்டறையில் புது நட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஸ்ப்ரிங்குக்குப் பதில் இரண்டு நட்டையும் ஸ்க்ரூவால் நெருக்கி இறுக்கும் அமைப்பைப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.