அசைவுக் கன்ட்ரோலர்கள்: ஒருவருக்கான விலையும் நால்வருக்கான விலையும்

வீடியோ கேம் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தாலே "எனக்கு வேண்டாம்" என்று நகர்ந்துவிடுபவர்களையும் 2006இல் வெளிவந்த, கையசைவால் ஆடும் நிண்டெண்டோவின் வீ கன்சோல் கூடத்துக்கு இழுத்து வந்தது. அதன் பௌலிங் விளையாட்டில், கன்ட்ரோலரின் அடிப்பக்கப் பொத்தானை ஆள்காட்டி விரலால் அழுத்தியபடி கையைப் பின்னே கொண்டுபோய் வீசி, பந்து கையை விட்டுப் போக வேண்டிய கணத்தில் விரலை மட்டும் எடுத்தால் போதும். உற்சாகத்தில் கன்ட்ரோலரையே விட்டுவிடுபவர்களும் உண்டு என்பதால், மணிக்கட்டுப் பட்டையை மாட்டாமல் யாரையும் ஆடவிடக் கூடாது.

இந்த ஈர்ப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வீயின் அறிமுக விலை ஏறத்தாழ 250 டாலர். அந்தப் பெட்டியில் ஒருவருக்கான ரிமோட்டும் (வீயின் கன்ட்ரோலர்), மறு கையில் பிடிக்கும் நன்சக் என்ற துணைக் கன்ட்ரோலரும் மட்டுமே இருந்தன. கூடுதல் ரிமோட் 40 டாலர், நன்சக் 20 டாலர் என்பதால், நால்வர் சேர்ந்து ஆட மேலும் 180 டாலர் வேண்டும். முதலில் வந்த ரிமோட்டில் முடுக்கத்தை அளக்கும் சென்சார் இருந்ததே தவிர, கை திரும்புவதைத் துல்லியமாக அறியும் கைரோஸ்கோப் இல்லை. அந்தக் குறையை நீக்க 2009இல் வந்த மோஷன்பிளஸ் என்ற சிறு இணைப்பு தலா 20 டாலருக்கு விற்கப்பட்டது. நான்கு ரிமோட்டுகளுக்கும் அதை வாங்கினால், துணைக்கருவிகளின் செலவு கன்சோலின் விலையையே தாண்டிவிடும். தொலைக்காட்சியின் மேல் வைக்கும் சென்சார் பாரோ பெயரளவில்தான் சென்சார்: அதில் இருப்பவை அகச்சிவப்பு விளக்குகள், பார்க்கும் வேலை ரிமோட்டிலுள்ள கேமராவுடையது. இரண்டு மெழுகுவர்த்திகளைத் தள்ளித் தள்ளி ஏற்றி வைத்தாலும் அது வேலை செய்யும்.

சோனி தன் பிளேஸ்டேஷன் 3 கன்சோலுக்காக 2010இல் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் மூவ் என்ற கன்ட்ரோலர், உச்சியில் ஒளிரும் பந்தைக் கேமரா பின்தொடரும் முறையால், அசைவுக்கும் திரைக்குமான ஒத்திசைவில் வீயைவிட ஒரு படி மேலே நின்றது. கன்ட்ரோலர், கேமரா, விளையாட்டு மூன்றும் சேர்ந்த தொகுப்பு 100 டாலர் என்றவுடன் மலிவாகத் தோன்றும். வில்வித்தை போன்ற ஆட்டங்களைச் சரியாக ஆட ஒருவருக்கே இரண்டு மூவ் வேண்டும், ஒன்று 50 டாலர் என்பது பிறகுதான் உறைக்கும்.

அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்காக 150 டாலருக்கு விற்ற, உடலசைவைக் கேமராவால் அறியும் கினெக்ட்டில் கையில் பிடிக்க எதுவுமே இல்லை. இரண்டாம் ஆளுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, விளையாட்டு ஒன்றும் உடன் வந்தது. விலையை மட்டும் பார்த்தால் மூன்றிலும் நேர்மையானது இதுவே. ஆனால் அது இடத்தைக் கேட்டது. ஒருவர் ஆட ஏறத்தாழ 1.8 மீட்டர், இருவர் ஆட 2.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதால், சிறிய அறையில் நாற்காலி, மேசைகளை நகர்த்திய பின்னரே ஆட்டம் தொடங்கும். ஒவ்வொரு முறையும் அப்படி நகர்த்தும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்?

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு 2019இல் 80 டாலருக்கு வந்த, வளையத்தைப் பிடித்து ஆடும் உடற்பயிற்சி விளையாட்டான ரிங் ஃபிட் அட்வென்ச்சரைத் தயக்கமின்றிச் சொல்வேன். வளையத்தை அழுத்தும்போது கைகளில் உணரும் எதிர்ப்பு நிஜமானது. காகித அட்டையை அசைப்பது போன்ற வெறுமை அதில் இல்லை. விளையாட்டும் தொடைப்பட்டையும் அந்த விலைக்குள்ளேயே அடங்கும். ஆனால் வளையத்திலும் பட்டையிலும் பொருத்த வேண்டிய ஜாய்-கான்கள் (ஸ்விட்ச்சின் சிறு கன்ட்ரோலர்கள்) பெட்டியில் இருக்காது. கழற்றக்கூடிய ஜாய்-கான் இல்லாத ஸ்விட்ச் லைட் வைத்திருப்பவர்கள் அந்த இணைக்கும் தனியாகப் பணம் எடுத்து வைத்துக்கொண்டே கடைக்குப் போக வேண்டும்.