தூத்துக்குடி – சென்னை: ஆம்னியா, அரசு விரைவுப் பேருந்தா?

முத்துநகர் எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை உறுதியாகியிருந்தால் இதைப் படிக்க வேண்டாம், பேசாமல் ரயிலேறிவிடுங்கள். பெட்டிக்குப் பெட்டி கழிப்பறை இருக்கிறது, தாம்பரத்தில் நிற்கிறது, எழும்பூரில் ஊருக்கு நடுவே இறக்கிவிடுகிறது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள் என்ற வருத்தம் உண்டு. மற்றபடி ரயிலோடு போட்டி போட எந்த பஸ்ஸாலும் ஆகாது. டிக்கெட் கிடைக்க வேண்டுமே! முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா முடிந்து ஊர் திரும்புகிற கூட்டத்துக்கு அந்த ஒரு ரயில் எந்த மூலைக்கு? நான் பார்த்தபோது காத்திருப்போர் பட்டியலே மூன்று இலக்கத்தில் நின்றது. தட்காலும் கை நழுவியது.

ஆக, பஸ். கூட வருவது அம்மா. வயது 68, சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. தாம்பரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும். மே மாதம் ஒரு தடவை ஆம்னியில் கூட்டிப்போனேன், திருவிழா முடிந்து அரசு விரைவுப் பேருந்தில் கூட்டிப்போனேன். இரண்டும் ஒரே சாலை: எட்டயபுரம், அருப்புக்கோட்டை, மதுரை, திருச்சி, விழுப்புரம். கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆம்னி வேகம், ஏசி, மெத்தை, போர்வை. அதிர்வு குறைவு. அரசு வண்டியில் நாங்கள் போனது ஏசி இல்லாத இருக்கை – படுக்கை வண்டி. ஜன்னல் காற்றுதான், மே மாதமாக இருந்தால் திருச்சி தாண்டும்வரை வெந்துபோவீர்கள். நேரத்தில் ஒரு மணி, ஒன்றரை மணி கூடும். கட்டணத்தில் அரசு வண்டி மலிவு. பண்டிகைக்கென்று தனியாக ஏறாது. ஆம்னியில் சாதாரண செவ்வாய்க்கிழமை ஒரு விலை, தீபாவளிக்கு முந்தின நாள் இன்னொரு விலை. முன்பெல்லாம் ஆம்னிக்காரர்கள் ஊருக்குள்ளேயே இறக்கிவிடுவார்கள் என்பது பெரிய வசதியாக இருந்தது. 2023 டிசம்பர் 30-இல் தாம்பரத்துக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்து, அடுத்த மாதமே ஆம்னிகளையும் அங்கே மாற்றியபின் அந்த வித்தியாசம் பெருமளவு போய்விட்டது. தாம்பரம் போகிற எங்களுக்கு அதனால் லாபம். அண்ணா நகர்க்காரர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

இவற்றில் எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு ஒன்றுக்கு வந்தால் வண்டி நிற்குமா?

சிரிக்கலாம். சர்க்கரை உள்ளவர்களை வைத்துக்கொண்டு பயணம் போனவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

மே மாதம் ஆம்னியில் கீழ்ப் படுக்கைகள் எல்லாம் முடிந்து மேல்தான் கிடைத்தது. ஏறுவதற்கு இரண்டே இரண்டு இரும்புப் படிகள், ஒரு உள்ளங்கால் பாதிதான் பதியும். தூத்துக்குடி மூணாவது மைல் நிறுத்தத்தில் ஏறியதும் பின்னாலிருந்து நான் தாங்க, மேலிருந்து ஒரு காலேஜ் பையன் கையைப் பிடிக்க, எப்படியோ ஏற்றிவிட்டோம். அதன்பிறகு அம்மா இறங்கவே யோசித்தாள். இடையில் ஒரு மோட்டலில் நின்றார்கள். "இப்ப வரல, பிறகு பாத்துக்கலாம்" என்று படுத்துவிட்டாள். திருச்சி தாண்டி அரை மணி நேரத்தில் திரையை விலக்கி, "எய்யா, வண்டி எங்கயாச்சும் நிக்குமா?" என்றாள்.

ஆம்னியில் டிரைவர் உட்காருமிடம் தனி அறை. நடுவில் கண்ணாடிக் கதவு, அதற்கும் ஒரு திரை. தட்டினேன். உதவியாளர் தூக்கக் கலக்கத்தில் கதவைப் பாதி திறந்து, "முன்னாடி மோட்டல் வரும் சார், அரை மணி நேரம்" என்றார். அந்த அரை மணி நேரம் ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. அம்மா அதுவரை உட்கார்ந்தே வந்தாள். படுத்தால் அடக்க முடியாதாம். மேல் படுக்கையில் நிமிர்ந்தும் உட்கார முடியாது. தலையைச் சாய்த்து, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள்.

இதைவிட மோசமானது பிறகு தெரிந்தது. மத்தியானம் மூன்று மணியிலிருந்தே அவள் தண்ணீர் குடிக்கவில்லை. பஸ் பயணம் என்றதும் தானாகவே நிறுத்திவிட்டாள். ராத்திரி மாத்திரையை மட்டும் ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கியிருக்கிறாள். தங்கச்சி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். நம்ம வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு பயணம் செய்கிறார்கள் என்று அன்றுதான் உறைத்தது. ஆணாகப் பிறந்ததால் டயர் ஓரம் ஒதுங்கிவிட்டு வந்து ஏறிய எனக்கு முப்பது வருஷமாகத் தெரியாமலே இருந்திருக்கிறது.

டிரைவரைக் குறை சொல்ல மாட்டேன். நான்குவழிச் சாலையில் ராத்திரி ஓரத்தில் நிறுத்திய வண்டியின் பின்னால் லாரி வந்து மோதுவது செய்தித்தாளில் அடிக்கடி வருவதுதான். பயந்துதான் நிறுத்த மாட்டேன் என்கிறார். அதோடு ஆம்னி என்பது சட்டப்படி ஒப்பந்த ஊர்தி. கிளம்புகிற இடத்தில் பட்டியல்படி ஆளை ஏற்றி, போய்ச் சேருகிற இடத்தில் இறக்குவதுதான் அதன் அனுமதி. வழியில் பஸ் நிலையத்துக்குள் போக வேண்டிய வேலை அதற்கு இல்லை. அதனால்தான் வேகம். அதனால்தான் கழிப்பறையும் இல்லை.

அரசு வண்டி வழிநெடுக ஆளை ஏற்றி இறக்குகிற வண்டி. ஆகஸ்டில் நாங்கள் போனது புதிய பஸ் நிலையத்தில் ராத்திரி ஏழரைக்குக் கிளம்பி, மதுரையில் மாட்டுத்தாவணிக்குள் நுழைந்து கால் மணி நேரம் நின்றது. கட்டணக் கழிப்பறைதான், தரை ஈரம்தான், ஆனால் வெளிச்சம் இருந்தது, கதவு சாத்தியது. அம்மா போய்விட்டு வந்து, கேட்காமலே அரை பாட்டில் தண்ணீர் குடித்தாள். எல்லா அரசு வண்டிகளும் மாட்டுத்தாவணிக்குள் போவதில்லை, புறவழியில் நேரே பிடிப்பவையும் உண்டு. டிக்கெட் போடும் முன்பே டிப்போவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை சமயபுரம் சுங்கச்சாவடிக்கு முன்பு. இந்த வண்டியில் டிரைவரைச் சுற்றிக் கதவு கிடையாது. முன்னால் போய், "அண்ணே, அம்மாவுக்குக் கொஞ்சம் அவசரம்" என்றேன். காக்கிச் சட்டைக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "டோல் தாண்டி ஓரங்கட்டுறேன், அங்க பாத்ரூம் இருக்கு" என்றார். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி பக்கத்தில் கழிப்பறை இருக்கிறது என்பது அத்தனை வருஷம் அந்தச் சாலையில் போய்வந்தும் எனக்குத் தெரியாது. வண்டி நின்றது. அம்மா படியிறங்கத் தடுமாறியபோது, "ஆச்சி, பதறாம போயிட்டு வாங்க, விட்டுட்டுப் போயிற மாட்டேன்" என்றார்.

அம்மா இறங்கியதும் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நான் எண்ணினேன், மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் அதுவரை வாயைத் திறக்கவில்லை. யாராவது கேட்கட்டும் என்று இருந்திருக்கிறார்கள்.

படுக்கை விஷயத்திலும் ஒரு சௌகரியம் இருந்தது. நாங்கள் போன வண்டியில் கீழ்த்தளத்தில் இருக்கைகளோடு சில படுக்கைகளும் இருந்தன. அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கையே கிடைத்தது. எனக்குச் சாய்வு இருக்கை. கால் நீட்ட முடியாமல் இடுப்பு பிடித்துக்கொண்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். என்னைப் போல ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள ஆள், தனியாகப் போகிறவர், படுத்ததும் தூங்குகிறவர் என்றால் ஆம்னி மெத்தையை விட்டுவிட்டு இதில் ஏறச் சொல்ல மாட்டேன்.

ஆம்னியில் எனக்கிருக்கும் இன்னொரு தயக்கம் பதிவெண். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஓடுகிற வண்டிகளில் நாகாலாந்துப் பலகை ஏன் என்று பலரும் கேட்பதுண்டு. அங்கே வரி குறைவு என்பதுதான் விடை. 2024 ஜூனில் வெளிமாநிலப் பதிவெண் கொண்ட ஆம்னிகள் தமிழ்நாட்டுக்குள் ஓடக்கூடாது என்று அரசு பிடித்தபோது, முன்பணம் கட்டியிருந்தவர்கள் பாடு திண்டாட்டமானது. முன்பதிவு செய்யும்போது வண்டி எண் தெரிவதில்லை என்பதால் இதற்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. வயதானவர்களோடு போகையில் கவலைப்பட இன்னொரு விஷயம், அவ்வளவே.

உணவு நிறுத்தத்தில் இரண்டு வண்டியும் ஒன்றுக்கொன்று இளைத்ததல்ல. மோட்டல் மோட்டல்தான். வீட்டிலிருந்தே இட்லிப் பொடி தடவி எடுத்துப்போங்கள். தங்கச்சிக்கென்று வாங்கிய மக்ரூன் டப்பாவையும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேல் படுக்கையின் கால்மாட்டில் வைத்ததில் மே மாதம் தாம்பரத்துக்கு முந்திரித் தூள்தான் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் என் மடியிலேயே வந்தது, ஒன்றிரண்டு மட்டும் நொறுங்கியிருந்தன.

அரசு ஏசி படுக்கை வண்டியில் நான் போனதில்லை. அதில் டிரைவரை எட்டுவது எப்படி என்று போனவர்களைத்தான் கேட்க வேண்டும். தனியாகப் போகிற பெண் எந்த வண்டியில் நிம்மதியாகத் தூங்குவாள் என்பதற்கும் நான் பதில் சொல்ல லாயக்கில்லாதவன். ஒரு டிரைவர் நிறுத்தினார் என்பதால் எல்லோரும் நிறுத்துவார்கள் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஏறும்போதே, வண்டி கிளம்பும் முன்பே, "வழியில கொஞ்சம் நிறுத்துவீங்களாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். ஆம்னி என்றாலும் அப்படியே. டிரைவரின் முகத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

திரும்பி வருவதற்கு ரயிலில் இடம் இருந்தது. கீழ்ப் படுக்கையே போட்டுக் கொடுத்தேன். கிளம்புகிற அன்று சாயங்காலம் தங்கச்சி வீட்டு வாசலில் ஆட்டோவில் ஏறும் முன்பு அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்ததை நானும் தங்கச்சியும் பார்த்துக்கொண்டு நின்றோம்.