பேஸ்மென்ற் சுவர் வெடிப்புக்கு "ஊசி போட்டாச்சு" என்றால் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

ஸ்காபரோவில் 1980களில் கட்டிய வீடு எங்களுடையது. 2024 ஜூலை 16 ஆம் திகதி ரொறன்ரோவில் சில மணி நேரத்துக்குள் 100 மில்லிமீற்றருக்குக் கிட்ட மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அன்றுதான் பேஸ்மென்ற் அறையில் இருக்கும் அம்மா, "தம்பி, கால்மேசு நனையுது, வந்து பார்" என்று கூப்பிட்டார். யன்னல் மூலையின் கீழே சுவர்ப்பலகை ஊறிப் போய், கார்ப்பெற் சொதசொதவென்று கிடந்தது.

உறவினர் ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய இலக்கத்துக்கு எடுத்தேன். வந்தவர் தமிழர், நல்ல மரியாதை. "அண்ணை, வெடிப்புக்குள்ள ஊசி போட்டு அடைச்சுவிடுறன், ஆயுளுக்கும் உத்தரவாதம்" என்றார். ஊசி என்றால், சுவர் வெடிப்புக்குள் பிசினை ஏற்றி நிரப்புவது. 1,900 டொலர், காசாகத் தந்தால் வரி இல்லை. அம்மாவின் அறை என்ற அவசரத்தில் சரி என்றேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. நான் வேலைக்குப் போய் வருவதற்குள் சுவர்ப்பலகையை மூடிப் பெயின்றும் அடித்துவிட்டார்.

ஓகஸ்ட் 17 அடித்த மழையில் அதே இடத்தால் தண்ணீர். அழைத்தால், "அது வேற வெடிப்பு அண்ணை, உத்தரவாதத்தில வராது" என்றார். அதற்குப் பிறகு அழைப்பை எடுக்கவேயில்லை.

பலகையை நானே வெட்டித் திறந்தேன். வெடிப்பின் மேல் இரண்டு விரல் அகலத்தில் சீமெந்துச் சாந்து பூசியிருந்தது. நகத்தால் நெம்ப, காய்ந்த தோல்போல முழு நீளத்துக்கும் கழன்று வந்தது. அதன் பின்னால் வெள்ளை உப்புப் பூத்த ஈரம். ஊசி போட்ட அடையாளம் ஒன்றுமே இல்லை. உள்பக்கம் மட்டும் பூசினால், மண்ணில் தேங்கிய தண்ணீர் வெடிப்புக்குள்ளேயே நின்று பூச்சைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அடுத்து வந்தவர் நேர் எதிர். "அத்திவாரமே போகுது, வெளியால முழுக்கக் கிண்டவேணும்" என்று 16,000 டொலர் சொல்லி, அன்றைக்கே கையொப்பம் வைக்கச் சொன்னார். ஒரு தடவை சூடுபட்டதால் வைக்கவில்லை. (ஒன்ராறியோவில் உங்கள் வீட்டில் வைத்து ஒப்பமிட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.)

கடைசியில் காசு கட்டி ஒரு கட்டுமானப் பொறியியலாளரைக் கூப்பிட்டேன். ரோர்ச் அடித்துப் பார்த்தார், சுவரில் நீள மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். கொங்கிறீற் காயும்போது சுருங்குவதால் யன்னல் மூலையிலிருந்து நெட்டுக்கு ஓடும் மெல்லிய வெடிப்பு இது, மிகச் சாதாரணம், வீட்டுக்கு ஆபத்தில்லை என்றார். பயப்பட வேண்டியது குறுக்கே படுக்கையாக ஓடி, சுவர் உள்ளே வயிறு தள்ளியிருக்கும் வெடிப்புக்கும், கல் வைத்துக் கட்டிய சுவரில் படிபடியாக இறங்கும் வெடிப்புக்கும்தான்.

உண்மையான ஊசி வேலை எப்படி இருக்கும் என்பதைப் பிறகுதான் பார்த்தேன். வேலைக்கு வந்தவர்கள் வெடிப்பைச் சுரண்டித் துப்புரவாக்கி, ஏறக்குறைய ஒவ்வொரு எட்டு அங்குலத்துக்கும் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் முனை ஒட்டினார்கள். இடைவெளியெல்லாம் எபொக்சிப் பசையால் மூடி, அது இறுகும்வரை காத்திருந்தார்கள். அப்புறம் ஆகக் கீழ் முனையில் பொலியூரித்தேன் என்ற பிசினை ஏற்றினார்கள். அது அடுத்த முனையால் கசிந்து வந்ததும் கீழே அடைத்துவிட்டு மேலே போனார்கள். தண்ணீர் பட்டதும் அது நுரைத்துப் பருத்து, சுவரின் முழுத் தடிப்பையும் நிரப்புகிறது. எபொக்சி ஏற்றுவதும் உண்டு. ஆனால் அதற்கு வெடிப்பு காய்ந்திருக்க வேண்டும், ஒழுகிற வெடிப்புக்குப் பொலியூரித்தேன்தான் தோது. முழு வேலைக்கும் 650 டொலர், வரியோடு, பற்றுச்சீட்டோடு.

மறுநாள் வெளியே அந்த மூலையில் அரை மணி நேரம் குழாயால் தண்ணீர் விட்டார்கள். நான் உள்ளே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு துளி வரவில்லை. அதன் பிறகுதான் மிச்சக் காசு கேட்டார்கள்.

கூரைப் பீலியின் தண்ணீர் சுவரடியிலேயே விழுந்ததும் ஒரு காரணம். இப்போது பீலிக் குழாயை ஆறு அடி தள்ளி விட்டு, மண்ணையும் வெளிப்பக்கம் சரிவாகப் போட்டிருக்கிறேன்.

வெட்டிய பலகையை அடுத்த பனி உருகி முடியும்வரை மூடவில்லை. அம்மா தினமும் காலையில் அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தார்.