கோப்பிக் கொட்டையை மில்லில் வைத்துவிட்டு வராதீர்கள்

மட்டக்களப்பில் கோப்பி அரைக்க மில்லுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். நாங்கள் கொடுத்தது தனிக் கோப்பிக் கொட்டை. திரும்பி வந்தது ஏதோ தானியம் கலந்த தூள்.

மச்சாள் பதுளையிலிருந்து கொண்டுவந்த கொட்டை அது. மாமி தாச்சியில் போட்டு, கை ஓயாமல் கிளறி வறுத்தெடுத்தார். மல்லி, வேர்க்கொம்பு எதுவும் சேர்க்கவில்லை. ஒரு பிடியைப் போத்தலில் போட்டு வைத்துவிட்டு மிச்சத்தை நிறுத்தோம், ஒரு கிலோ. மில்காரர், “இப்ப மிளகாய் ஓடுது அக்கா, வச்சிட்டுப் போங்க, மறுகா வந்து எடுங்க” என்றார்.

பின்னேரம் எடுத்து வந்த பை ஒரு கிலோவைத் தாண்டி நின்றது. அரைத்தால் மெஷினில் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு நிறை குறையும். கூடுவதற்கு வழியே இல்லை.

மாமியின் அளவு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி. அதே அளவு போட்டும் நிறம்தான் வந்தது, மணம் வரவில்லை. இன்னொரு கரண்டி போட்டால் அடியில் களி மாதிரி வண்டல்.

போத்தலில் இருந்த கொட்டையை உரலில் இடித்து, இரண்டு கிளாஸ் பச்சைத் தண்ணீரில் இரண்டு தூளையும் தனித்தனியே தூவினேன். இடித்த தூள் மேலே மிதந்தது. கோப்பியில் எண்ணெய் இருப்பதால் அது உடனே நனையாது. மில் தூளில் பாதி, விழுந்த கையோடு அடிக்குப் போனது. நல்ல கோப்பியும் நேரம் போனால் அமிழும், அதனால் தூவியவுடனே பார்க்க வேண்டும். பிறகு இரண்டையும் கொதிக்க வைத்தேன். மில் தூள் ஆற ஆறத் தடித்தது; மாச்சத்து இருந்தால்தான் அப்படித் தடிக்கும். வறுத்த அரிசி மணமும் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

கொண்டுபோய்க் காட்டினால், “கொட்டையில கோளாறு அக்கா” என்கிறார். அரைத்த கூலியைத் திருப்பித் தருகிறாராம். எங்களுடைய கொட்டைக்கு என்ன பதில்? அதற்கு வாயே திறக்கவில்லை.

அரைக்கக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். மிளகாய் ஓடிய மெஷின் என்றால் முதலில் ஒரு பிடி பச்சரிசி ஓட்டிக் கொட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோப்பி தொண்டையில் எரியும். போகும்போதும் வரும்போதும் நிறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாகத்தான் தேவை என்றால் வீட்டு மிக்ஸியே போதும். சூடாகாமல் விட்டு விட்டு அடியுங்கள். சின்னத் தராசு இருந்தால் 180 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 10 கிராம் தூள் போட்டுப் பாருங்கள். கரண்டி அளவு தூளின் பருமனுக்கு ஏற்ப மாறும், நிறை மாறாது.

கலப்படம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம், நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நான் மிச்சத் தூளைக் கட்டி வைத்திருக்கிறேன், பரிசோதகரிடம் கொடுக்கத்தான்.